மக்காஹிக்கிப் பருவமும் அதன் இன்றைய பொருளும்

பிற நாட்டார் விழாவொன்றை விளக்கப் புகுவோர், தமக்குப் பழக்கமான விழாவொன்றின் பெயரை அதற்குச் சூட்டிவிட்டு அமைதியடைவது பெருவழக்கு. பசிபிக் மாகடலின் நடுவேயுள்ள ஹவாயித் தீவுகளிற் பழங்காலத்தே வழங்கிய மக்காஹிக்கி என்னும் பருவத்துக்கும் இதுவே நேர்ந்தது. அறுவடை விழா என்பர் சிலர். அமெரிக்கர் கொண்டாடும் நன்றி நவிலும் நாளுக்கு இணையானது என்பர் வேறு சிலர். இக்கூற்றுகள் முற்றிலும் பிழையல்ல. ஆயினும், நான்கு திங்கள் நீடித்து, போரைத் தடுத்து, வரியைத் திரட்டி, ஈற்றில் அரசனையே வேல்முனைக்கு எதிரே நிறுத்திய ஒரு பெரும் ஒழுங்கை அறுவடை என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்க முயலும்போது அதன் உயிர்நிலை நழுவிவிடுகின்றது.

பருவத்தின் தொடக்கத்தை அறிவிப்பது வானம். தமிழர் கார்த்திகை என வழங்கும் விண்மீன் கூட்டத்தை ஹவாயியர் மக்காலீ என்பர். கதிரவன் மறையும் வேளையில் அக்கூட்டம் கீழ்வானில் முதன்முதல் எழும் நாள், நவம்பர் நடுப்பகுதியை ஒட்டி வரும். அதனை அடுத்துத் தோன்றும் பிறை முதலாகப் பருவம் கணிக்கப்படும். திருக்கார்த்திகை நாளன்று முழுமதி இதே விண்மீன்களின் அருகே அந்திப்பொழுதில் எழக் கண்டோர்க்கு இக்கணிப்பு எளிதில் விளங்கும். இவ்வொற்றுமையைக்கொண்டு இரு மக்களுக்குமிடையே பண்டைத் தொடர்பு கற்பிக்க முனைவது வீண்முயற்சி. வானம் எல்லார்க்கும் பொது; நிலத்தை உழுதுண்போர் எவரும் அதனை அண்ணாந்து பார்த்தே தீர்வர். மக்காஹிக்கி என்ற சொல்லுக்கே ஆண்டு என்னும் பொருளும் உண்டு என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி, அறுவடை என்பதை ஆராய்வோம். ஹவாயியரின் தலையாய உணவு சேம்பு. நீர் பாய்ச்சிய பாத்திகளில் அதனை ஆண்டு முழுவதும் நடலாம். ஆண்டு முழுவதும் அகழ்ந்தெடுக்கலாம். நெல்லைப்போல அது ஒரே காலத்தில் முற்றி ஒரே காலத்தில் அரியப்படுவதன்று. நீர்வளமற்ற மேட்டுநிலங்களில் மழையை நம்பி வற்றாளை பயிரிட்டனர். ஆகவே நவம்பர் தொடங்கிப் பெப்ரவரி வரை நீளும் ஒரு பருவத்தைத் தனியொரு பயிரின் விளைவோடு முடிச்சிடுதற்கு இடமில்லை. அது மழைக்காலம் என்பதே பொருத்தம். தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் புயல் வீசி, காய்ந்த சரிவுகள் நனையுங் காலம் அது. அக்காலத்துக்கு உரிய தெய்வம் லோனோ. மழை, முகில், விளைச்சல், வற்றாளை, சுரை ஆகியன அவன் ஆட்சிக்குட்பட்டவை. ஆண்டின் ஏனைய எட்டுத் திங்களிற் போர்த்தெய்வமாகிய கூ என்பவனுக்குரிய பெருங்கோயில்களிற் சடங்குகள் நிகழும். அவற்றுள் மனிதப்பலியும் அடங்கும். லோனோவின் பருவம் வந்ததும் அக்கோயில்களின் பணி நிறுத்தப்படும், போர் விலக்கப்படும்.

இச்செய்திகளை இன்று அறியத் துணைபுரிவோர் ஹவாயியரே. டேவிட் மாலோ என்பார் 1790களில் ஹவாயித் தீவிற் பிறந்தவர். பழைய சமயம் வீழ்ந்தபோது இருபது வயதைக் கடந்திருந்தவர். பின்னர்க் கிறித்தவராகி, மாவித் தீவின் லஹைனாலூனாக் கல்லூரியில் அதன் முதன் மாணவருள் ஒருவராகப் பயின்று, தம் மக்களின் வழக்கங்களை ஹவாயி மொழியில் எழுதிவைத்தார். 1853ஆம் ஆண்டு அவர் மறைந்தார். நதானியேல் எமர்சன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1903ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அரசவையில் வளர்ந்த ஜோன் பாப்பா ஈஈ என்பாரும் தாம் கண்டவற்றை 1860களில் ஹவாயிச் செய்தித்தாளொன்றில் எழுதினார். மாலோவைப் படிப்போர் ஒன்றை மறத்தலாகாது. தாம் கைவிட்ட சமயத்தைப் பற்றி எழுதிய ஒருவரின் எழுத்து அது. ஆயினும் சடங்கின் உறுப்புகளை அவர் கூறும் நுட்பம், வெறுப்பு மட்டும் கொண்ட மனத்திலிருந்து பிறத்தல் அரிது.

மாலோ விரிக்கும் காட்சிகளுள் முதன்மையானது லோனோவின் ஊர்வலம். ஏறத்தாழ இரண்டு பாகம் நீளமுள்ள கழியொன்று, அதன் நுனியிற் செதுக்கிய சிறு தலை, கழுத்திற் பிணித்த குறுக்குக்கோல், கோலிலிருந்து தொங்கும் வெண்ணிற மரப்பட்டைத் துணி, இறகுமாலைகள், கடற்பறவையின் தோல்கள். இதுவே நெடுந்தெய்வம் எனப் பொருள்படும் அக்குவா லோவா. இத்திருவுருவம் நிலத்தை வலப்பக்கமாகக் கொண்டு தீவு முழுவதையும் சுற்றிவரும். மலையுச்சியிலிருந்து கடற்கரை வரை நீளும் நிலக்கூறுகளாகத் தீவு பகுக்கப்பட்டிருந்தது. அக்கூறு ஒவ்வொன்றுக்கும் அஹுபுவா என்று பெயர். அஹு என்பது கல்லடுக்கிய பீடம். புவா என்பது பன்றி. எல்லையில் அமைந்த பீடத்தின்மேற் பன்றியுருவம் வைத்து, அவ்விடத்தே அந்நிலத்தார் தம் திறையைக் குவித்தனர். திறை செலுத்தும் இடமே நிலத்துக்குப் பெயராயிற்று.

திறையாவன பன்றி, நாய், கிழங்குணவு, மரப்பட்டைத் துணி, இறகு, நார் முதலியன. பெருநிலத்துக்குப் பெருவரி, சிறுநிலத்துக்குச் சிறுவரி. நிலக்கண்காணியாகிய கொனொஹிக்கி அவற்றைத் திரட்டிக் கொடுத்தல் வேண்டும். கொடுத்தது குறைவாயின் அவன் தன் பதவியையும் நிலத்தையும் இழக்க நேரும். போதுமெனக் கொள்ளப்பட்ட பின்னரே, நிலத்தைத் தடையினின்று விடுவிக்கும் ஹைனக்கி என்னும் வேண்டுதல் ஓதப்படும். அதன்பின் தெய்வம் அடுத்த எல்லைக்குச் செல்லும்; குடிகள் தம் தொழிலுக்குத் திரும்புவர்.

இவ்விடத்தே இக்கால எழுத்தாளர் பலர் வழுக்குகின்றனர். மக்காஹிக்கியை அமைதியின் பருவம் எனப் புகழ்வோர் வரியை ஓர் அடிக்குறிப்பாகத் தள்ளிவிடுகின்றனர். அரசியலை மட்டும் காண்போர், தெய்வத்தின் பெயரால் நிகழ்ந்த கொள்ளை எனச் சொல்லி அமைதியைத் தள்ளிவிடுகின்றனர். இரண்டும் ஒரே கழியிற் கட்டித் தூக்கப்பட்டவை என்பதே உண்மை. போர் நின்றாலன்றித் தெய்வம் எல்லைகளைக் கடந்து உலாவர இயலாது. உலாவாராயின் வரி திரளாது. வரி திரளாதாயின் தலைவர்களும் அவர்தம் படையும் வாழ்தல் அரிது. எட்டுத் திங்கட் போருக்கு வேண்டிய வளத்தை நான்கு திங்கள் அமைதி ஈட்டித் தந்தது எனக் கூறுவோரை எளிதில் மறுத்துவிட முடியாது. ஆயினும் அக்கூற்றோடு நிறைவுறுதலும் பொருந்தாது. ஊர்வலம் தலைவன் மனையை அடையும்போது, அவன் தன் கையால் திமிங்கிலப் பல்லாலான அணியைத் தெய்வத்தின் கழுத்திற் கட்டுவான், உணவூட்டுவான். அவ்வுணவு உருவத்தின் வாயில் அன்று, அதனைச் சுமந்து வந்தவனின் வாயிலேயே ஊட்டப்படும். ஆண்டு முழுவதும் பிறரைப் பணியவைக்கும் தலைவன், சுமைகாரன் ஒருவனுக்குச் சோறூட்டும் அக்கணத்தை வரிக்கணக்கால் மட்டும் விளக்கிவிடல் இயலாது.

திறை முடிந்ததும் விளையாட்டு. குத்துச்சண்டை, மற்போர், வட்டக்கல் உருட்டல், மலைச்சரிவிற் கட்டிய கற்பாதையில் ஒடுங்கிய சறுக்குவண்டியேறிப் பாய்தல் முதலியவற்றில் ஊரார் திரண்டு போட்டியிட்டனர். இவற்றை விரித்தல் வேண்டா. இன்றைய பள்ளிகளும் நிலைநிறுத்திவைத்திருக்கும் பகுதி இதுவேயாகலின் எல்லாரும் அறிவர்.

முடிவுச் சடங்குகளே ஆழ்ந்த ஆராய்ச்சிக்குரியன. அவற்றுள் ஒன்று காலீ எனப்படும். அரசன் ஓடமேறிக் கடலிலிருந்து கரைக்கு வருவான். கரையில் வேலேந்திய கூட்டம் நிற்கும். ஒருவன் முன்னே ஓடிவந்து வேலெறிவான். அரசனின் துணைவன் ஒருவன் அதனைத் தட்டிவிடுவான். இரண்டாம் வேல் எறியப்படாது. அதன் முனை அரசன் உடலைத் தொடும். அதன்பின்னரே அவன் கரையேறித் தன் ஆட்சியை மீளப் பெறுவான். பிறந்த மண்ணில் ஆளும் ஒருவன், ஆண்டுக்கு ஒருமுறை அயலானைப்போலக் கடல்வழி வந்து, கொல்லக்கூடிய கருவியின் தொடுதலை ஏற்றல் வேண்டும் என்பது சிறிய செய்தியன்று.

மற்றொன்று மாவோலோஹாவின் வலை. பெரிய கண்களையுடைய வலையில் உணவுவகைகளை நிரப்பி, நால்வர் மூலைகளைப் பற்றித் தூக்கி உலுக்குவர். எல்லாம் கீழே விழுந்தால் வரும் ஆண்டு செழிக்கும். ஒட்டிக்கொண்டு நின்றால் பஞ்சம். மக்காலீ என்னும் தலைவன் உணவையெல்லாம் வலையிற் கட்டி வானில் தொங்கவிட, எலியொன்று ஏறி அவ்வலையைக் கடித்து அறுத்து மண்ணுக்கு உணவு தந்தது என்பது பழங்கதை. வலை தலைவன் கையிலிருப்பது, விழுந்தது மண்ணவர்க்கு. திறை கீழிருந்து மேலே சென்ற பருவத்தின் ஈற்றில், உணவு மேலிருந்து கீழே விழவேண்டுமென அச்சடங்கு கேட்டது. இறுதியாகக் காணிக்கை நிரம்பிய ஓடமொன்று கடலில் விடப்படும். லோனோ, கஹிக்கி என்னும் கடல்கடந்த தன் நாட்டுக்கு மீள்வான்.

உலக அறிஞருட் பெரும்பாலோர் மக்காஹிக்கியின் பெயரை அறிந்தது இவை வாயிலாக அன்று. ஆங்கிலக் கப்பற்றலைவர் ஜேம்ஸ் குக் இறந்த வரலாற்றின் வாயிலாகவே. குக் 1779ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் ஹவாயித் தீவின் கியலகெக்குவாக் குடாவில் நங்கூரமிட்டார். அங்குள்ள ஹிக்கியாவு கோயிலில் அவர் சிறப்புச் செய்யப்பெற்றார்; லோனோ என்னும் பெயராலும் அழைக்கப்பெற்றார். பெப்ரவரி 4ஆம் நாள் புறப்பட்டவர், பாய்மரம் முறிந்தமையால் 11ஆம் நாள் திரும்பிவந்தார். படகொன்று களவுபோக, அரசன் கலனியோப்புவைப் பிணையாகப் பிடிக்க முயன்று, 14ஆம் நாட் காலை கரையிலேயே கொல்லப்பட்டார்.

சிக்காகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ஷல் சாலின்ஸ், 1985ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இந்நிகழ்ச்சிகளை மக்காஹிக்கியின் சட்டகத்துள் வைத்து விளக்கினார். குக்கின் கப்பல்கள் லோனோவின் ஊர்வலத்தைப்போலத் தீவைச் சுற்றி வந்தன. பருவம் முடியும் வேளையிற் புறப்பட்டன. காலமல்லாத காலத்தில் திரும்பியமையால் அரசனுக்குப் போட்டியான தெய்வமாகி அவர் மாண்டார் என்பது அவர் முடிபு. இதனை மறுத்தெழுந்தவர் ஓர் இலங்கையர். பேராதனையிற் கற்பித்தவரும் பத்தினித் தெய்வ வழிபாட்டைப் பற்றிப் பெருநூல் யாத்தவருமான கணநாத் ஒபேயசேகர, பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்திலிருந்து 1992ஆம் ஆண்டு தம் நூலை வெளியிட்டார். வெள்ளையனைத் தெய்வமெனக் கொண்டு வணங்கும் பழங்குடிகள் என்பது ஐரோப்பியர் தாமே புனைந்த கதை. ஹவாயியர் தம் அரசியல் நலனை அறிந்து, வந்தவரைத் தலைவராக ஏற்றனர். தெய்வமாக அன்று என அவர் வாதிட்டார். 1778ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் மாவிக்கரையோரம் கலனியோப்பு போர்முனையில் இருந்தமை, பருவக்கணக்கில் ஐயம் எழுப்புவோர்க்குப் பெருந்துணை. சாலின்ஸ் 1995ஆம் ஆண்டு நீண்ட மறுப்பு எழுதினார். சாலின்ஸ் 2021இலும் ஒபேயசேகர 2025இலும் மறைந்தனர், வாதம் மறையவில்லை.

இருவர் வலிமையும் வேறு வேறு. சடங்குச் செய்திகளைத் திரட்டி ஒன்றோடொன்று பொருத்துவதிற் சாலின்ஸை வெல்வோர் அரியர். ஆனால் அவர் காட்டும் மக்காஹிக்கி சிலவேளை மனிதர் கைப்படாத பொறியைப்போல் இயங்குகின்றது. அதனுள் அகப்பட்டவர் எவர்க்கும் ஐயமோ தயக்கமோ இருந்ததாகத் தோன்றுவதில்லை. ஒபேயசேகரவின் நூல் அத்தயக்கத்தை மீட்டுத் தருகின்றது. குடியேற்ற நாடொன்றிற் பிறந்தவர்க்கே இயல்பான கூர்மையோடு, குக்கின் பயணங்களிற் படிந்த வன்செயலையும் வெளிப்படுத்துகின்றது. எனினும் எல்லா மக்களுக்கும் பொதுவானதென அவர் கொண்ட நடைமுறை அறிவே ஐரோப்பியச் சரக்கு என்னும் எதிரியின் விடை முற்றிலும் ஒதுக்கத்தக்கதன்று. இவ்வாதத்தின் பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. மக்காஹிக்கி, மாலுமி ஒருவரின் சாவு பற்றிய வழக்கிற் சான்றாக அழைக்கப்பட்டது. சான்று கூறியதும் மன்றிலிருந்து அனுப்பப்பட்டது. இந்நூல்கள் அச்சேறுவதற்கு முன்னரே ஹவாயியர் சிலர் அப்பருவத்தை மீண்டும் நடத்தத் தொடங்கிவிட்டனர் என்பது, அவ்வாதத்தின் வழியாக மட்டும் மக்காஹிக்கியை அறிந்தவர்க்கு எளிதிற் புலப்படாது.

அது எவ்வாறு நின்றுபோயிற்று என்பதும் அறியத்தக்கது. முதலாம் கமெஹமெஹா 1819ஆம் ஆண்டு மே மாதம் இறந்தான். அவ்வாண்டின் இறுதியில் அவன் மகன் லிஹோலிஹோ, காஅஹுமனு முதலிய அரசியரோடு ஒரே பந்தியில் உண்டு, ஆணும் பெண்ணும் சேர்ந்துண்ணலாகாதென்ற விலக்கை உடைத்தான். கோயில்கள் அழிக்கப்பட்டன. பழைய முறையைக் காக்க எழுந்த கெக்குவாஒகலானி, குவாமோஓப் போர்க்களத்தில் மாண்டான். அமெரிக்கச் சமயத் தூதர் வந்தது 1820ஆம் ஆண்டு. எனவே, மிசனரிமாரே மக்காஹிக்கியை ஒழித்தனர் எனக் கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது; ஒழிந்ததன்மேல் அவர்கள் மண்ணிட்டனர் என்பது ஒக்கும். 1893ஆம் ஆண்டு அரசு கவிழ்க்கப்பட்டது. 1896ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஹவாயி மொழி பள்ளிகளிற் பயிற்றுமொழியாக இருந்த நிலை ஒழிந்தது. 1898ஆம் ஆண்டு தீவுகள் ஐக்கிய அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரின்பின், 1946ஆம் ஆண்டு, 'அலோஹா வாரம்' என ஒரு கொண்டாட்டம் புதிய மக்காஹிக்கியாக ஏற்படுத்தப்பட்டது. அணிவகுப்பும் மலரும் அதில் நிறைந்தன, லோனோ அங்கில்லை. அதனை எள்ளி நகையாட வேண்டுவதில்லை. பெயராவது வழக்கில் நின்றது.

மக்காஹிக்கி உண்மையில் திரும்பி வந்த இடம், எவரும் எதிர்பாராத இடம். கஹோலாவே என்பது ஹவாயியின் எட்டுப் பெருந்தீவுகளுட் சிறியது. நாற்பத்தைந்து சதுரமைல் பரப்புடையது. மாவித்தீவின் ஹாலெயக்கலா மலையின் மழைமறைவிற் கிடப்பது. மேய்ச்சலால் மேல்மண் இழந்த அத்தீவை, 1941ஆம் ஆண்டு டிசெம்பரில் யப்பானியர் முத்துத் துறைமுகத்தைத் தாக்கியபின், அமெரிக்கப் படையினர் குண்டெறியும் இலக்காக்கினர். போர் முடிந்தும் குண்டு ஓயவில்லை. 1965ஆம் ஆண்டு ஐந்நூறு தொன் வெடிமருந்தை ஒருங்கே வெடித்துச் சோதனை செய்தனர். அதன் குழியில் இன்றும் நீர் நிற்கின்றது. 1976ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் ஹவாயியர் சிலர் தடையை மீறி அங்கே கரையேறினர். அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் இவ்வியக்கத்தின் பாடகரும் தலைவருமான ஜோர்ஜ் ஹெல்மும் தோழர் கிமோ மிச்சலும் அத்தீவை அடுத்த கடலில் மறைந்தனர், உடல்கள் கிடைக்கவில்லை. வழக்கின் முடிவில் 1980ஆம் ஆண்டு ஏற்பட்ட உடன்பாட்டால், சமயச் சடங்குக்காகத் தீவிற் கால்வைக்கும் உரிமை கிடைத்தது. 1982ஆம் ஆண்டு, ஹவாயித் தீவின் கனக்காஓலே குடும்பத்து ஹூலா ஆசிரியரிடம் பயின்றோர், லோனோவின் கழியை அங்கே மீண்டும் தூக்கினர்.

அறுவடை விழா என்போர் இங்கே திகைத்தல் வேண்டும். கஹோலாவேயில் அறுவடை இல்லை, விளைநிலம் இல்லை, குடியும் இல்லை. அரசனில்லை, கொனொஹிக்கியில்லை, வரியுமில்லை. இவையெல்லாம் நீங்கியபின் எஞ்சுவன இரண்டு: மழை வேண்டல், போர் விலக்கு. அவ்விரண்டும் அங்கே உருவகங்களல்ல. தீவின் மேல்மண் காற்றிற் பறந்து கடலைச் செந்நிறமாக்கும்போது மழை வேண்டுவது வெறும் மரபன்று. சடங்கு தொடங்கிய 1982ஆம் ஆண்டு முதல் 1990ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்கத் தலைவர் குண்டெறிதலை நிறுத்தும்வரை, அவ்விழா குண்டெறியும் களத்திலேயே நடந்தது. கூவின் பருவம் ஆண்டு முழுவதும் நீடித்துவிட்ட ஒரு தீவில், லோனோவுக்குரிய நான்கு திங்களைக் கேட்டு நின்றவர்களை, இழந்த பழமையில் மயங்கினர் என எவரும் கூற இயலாது.

எனினும் இது பழைய மக்காஹிக்கி தானா என்னும் வினா எழும். ஓதப்படும் வேண்டுதல்களுட் சில புதியனவாக இயற்றப்பெற்றவை, சுமப்போர் அரசகுலத்தாரல்லர், அறிவின் பெரும்பகுதி மாலோ முதலியோர் ஏடுகளிலிருந்து திரட்டியது. இவை குறைகளாயின், எந்தச் சமயமும் இக்குறைகளினின்று தப்பவில்லை. கவலைக்குரியது வேறொன்று. அமைதியை மட்டும் எடுத்துக்கொண்டு திறையை மறந்த விழா, எவரிடமும் எதையும் கேளாத விழாவாகிவிடக்கூடும். பள்ளி விளையாட்டுநாளும் விருந்தினர் விடுதி அணிவகுப்பும் அவ்வாறே ஆயின. கஹோலாவேயில் திறை முற்றாக மறையவில்லை; வடிவு மாறிற்று. கலந்துகொள்வோர் தத்தம் தீவிலிருந்து சேம்பும் வற்றாளையும் ஈரப்பலாவும் தாமே கொணர்ந்து படைத்தல் வேண்டும். மரக்கன்று நடுதல் முதலிய நிலத்தொண்டும் செய்தல் வேண்டும். அரிசோனாச் சிறையொன்றில், தாயகத்திலிருந்து மூவாயிரம் மைல் அப்பால் அடைபட்ட ஹவாயியர் மக்காஹிக்கி நடத்தும் உரிமையை வேண்டிப் பெற்றதும் இவ்வகைப்பட்டதே. அவர்களிடமும் அறுவடை இல்லை.

தீவு 1994ஆம் ஆண்டு ஹவாயி மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நுழைவைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் கடற்படை விட்டது 2003ஆம் ஆண்டு. நாற்பது கோடி டொலர் ஒதுக்கியும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் துப்புரவாக்கப்படாமலே விடப்பட்டது. ஆண்டுதோறும் நவம்பரில் பருவம் தொடங்கும்போதும், தைமாதத்தை ஒட்டி முடியும்போதும், அங்கு செல்வோர் வடகீழ்க் கரையிலுள்ள ஹக்கியோவாவாவில் இறங்குகின்றனர். துறைமேடை ஏதும் இல்லை. படகு நிற்குமிடத்திலிருந்து அலைகளுக்கூடே நீந்திக் கரையேறி, நீர் புகாவண்ணம் கட்டிய காணிக்கை மூட்டைகளைக் கைமாற்றிக் கரைசேர்ப்பர். பின்னர், வெண்டுணி தொங்கும் கழியின் பின்னே, வெடிகள் அகற்றப்பட்ட பாதையை விட்டு விலகாமல் நடப்பர். மாவி மலையிலிருந்து முகில் இப்பக்கம் நீள்கின்றதா என அடிக்கடி அண்ணாந்து பார்ப்பர்.